பீடான் அம்மாவின் சாட்சி

"ஆணா பொண்ணான்னு என்னைக் கேக்காதீங்க. வயித்துக்குள்ள எட்டிப் பாக்குற கண்ணு எனக்கு இல்ல."

இதைச் சொல்லிவிட்டுத்தான் பீடான் அம்மா எந்தக் கர்ப்பிணியின் வயிற்றிலும் கை வைப்பார். மற்ற மருத்துவச்சிகள் நடையைப் பார்த்து, முகத்தின் தெளிவைப் பார்த்து, பையன்தான் என்று அடித்துச் சொல்வார்கள். வீட்டுக்காரர்கள் மனம் குளிர்ந்து வெற்றிலை பாக்கோடு ஒரு வெள்ளிக் காசு கூடுதலாக வைப்பார்கள். இவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பிள்ளையைத் துடைத்துத் தகப்பன் கையில் கொடுக்கும்போது, "அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கான், இல்லம்மா?" என்று அவன் பூரிப்போடு கேட்டால், "நீ பொறந்தப்போ நான் இல்லையேப்பா" என்பார். வேடிக்கைக்காகச் சொல்லமாட்டார். முகத்தில் ஒரு கோடு அசையாது.

மலாய்க்காரர்கள் மருத்துவச்சியை பீடான் என்பார்கள். பினாங்கில் தமிழரும் சீனரும் அவரை அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயர் என்ன என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. எனக்கும் தெரியாது. கிடங்குத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடை வீட்டின் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைதான் அவருக்கு வீடு. நெடிய, வற்றிய உடம்பு. கார்பாலிக் சவுக்காரம் போட்டுப் போட்டு விரல்கள் வெளிறியிருக்கும். கத்தரிக்கோலும் நூலும் ஒரு பிஸ்கட் தகரத்தில். வெயிலோ மழையோ, கையில் ஒரு கறுப்புக் குடை.

பிள்ளை பிறந்த இரண்டாம் நாள் காலையில் அந்தக் குடையோடு தகப்பன் வீட்டு வாசலில் வந்து நிற்பார். பொலிஸ் டேசனுக்குப் போய்ப் பிறப்பு எழுதி, சூராட் என்ற பிறப்புச் சீட்டு வாங்க வேண்டும். அந்தக் காகிதத்துக்கு அன்றைக்கு ஒரு மதிப்பும் இல்லை. பினாங்கு வரியில்லாத துறைமுகம். ரங்கூன் அரிசி, ஜப்பான் தீப்பெட்டி, மதராஸ் கைலி எல்லாம் வந்து இறங்கும். நீ எந்த ஊர்ச் சரக்கு என்று யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. நாகப்பட்டினத்துக் கப்பலிலும் சீனக் கப்பலிலும் வந்து இறங்கிய ஆட்களையும் அப்படித்தான் ஊர் வாங்கிக்கொண்டது. ரப்பர் விலை ஏறிக்கொண்டே இருந்தது. கைகள் போதவில்லை. கை இருந்தால் போதும், வேறு எதுவும் யாருக்கும் வேண்டியதில்லை.

"எதுக்கும்மா இந்த அலைச்சல்? யாரு கேக்கப் போறா?" என்று தகப்பன்மார் சலித்துக்கொள்வார்கள்.

"யாரும் கேக்காட்டி என்ன? பொறந்தது நெசம்தானே. எழுதிட்டு வந்துடலாம், கிளம்பு" என்பார். அரை நாள் கூலி போகிறதே என்று முனகிக்கொண்டே அவர்கள் பின்னால் நடப்பார்கள்.

என்னையும் அவர்தான் எழுதவைத்தார். நான் பிறந்தது பிராங்கின் கால்வாய் ஓரத்துச் சந்தில், ஒரு சீனக் குடும்பத்தில், நாலாவது பெண்ணாக. புலி வருஷத்துப் பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. யாருக்காவது கொடுத்துவிடு என்று பெற்றவளே சொல்லியிருக்கிறாள். மூன்று பிள்ளைகளை வரிசையாகப் பறிகொடுத்துவிட்டு வெறித்துக் கிடந்த தெரேசம்மாவிடம் பீடான் அம்மா என்னை ஒரு பிரம்புக் கூடையில் கொண்டுவந்து சேர்த்தார். தெரேசம்மாதான் என் அம்மா. அப்பா துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கிக்குக் காவல்காரர்.

"எங்க பிள்ளைன்னே எழுதிடும்மா. பின்னால ஒரு பேச்சு வராது" என்று அப்பா எவ்வளவோ கெஞ்சியிருக்கிறார்.

"வளக்குறது நீங்க. அதை யாரு இல்லேன்னா? பெத்தவ ஒருத்தி இருக்காளே, அவளை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

சூராட்டில் சீனத்தியின் பெயர்தான் ஏறியது. ஞானஸ்நானத்தின்போது சாமியாரிடமும் விடாமல் போய்ச் சொல்லி, கோயில் புத்தகத்தில் 'வளர்ப்புப் பெற்றோர்' என்று எழுதவைத்தார். ரோசம்மாள் என்று பெயர் வைத்தார்கள். அப்பாவுக்கு அவர்மேல் கடைசிவரை ஒரு கசப்பு இருந்தது. அம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கையில் இடியாப்பம் கொடுத்து அந்த மாடிப்படி அறைக்கு அனுப்புவார். நான் போனால் பீடான் அம்மா என் தலையைத் தடவமாட்டார், கொஞ்சமாட்டார். "சாப்பிட்டியா?" என்று கேட்பார். பாதி இடியாப்பத்தை எனக்கே வைத்துத் தருவார். நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டேன்.

என் முகத்தைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பாசாரில் மீன்காரர் ஹொக்கியன் சீனத்தில் விலை சொல்வார். நான் தமிழில் குறைத்துக் கேட்பேன். அவர் சிரித்துவிட்டு ஒரு மீனைக் கூடப் போடுவார். பள்ளிக்கூடத்தில் சீனாத்தி என்று பட்டப்பெயர். இன்னொருத்திக்கு நொண்டி, இன்னொருத்திக்குக் குண்டு. அந்த மாதிரி ஒரு பெயர், அவ்வளவுதான். என்னைப் போலச் சீன முகத்தோடு தாவணி கட்டிய பெண்கள் ஊரில் இன்னும் பலர் இருந்தார்கள்.

அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். சாகுமுன் அம்மா என்னை சூசைக்குக் கட்டிவைத்தார். அவர் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு தமிழ்நாட்டு ஊரிலிருந்து கங்காணி மூலம் கூலியாக வந்தவர். அது பிடிக்காமல் கடல் தாண்டி பினாங்குக்கு வந்து, தொங்கான் படகுகளில் ரப்பர் பேல் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். முதல் நாளே என் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, "இந்தக் கண்ணு தூங்குதா முழிச்சிருக்கான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் எழுதத் தெரியும். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை, ரப்பர் விலை விழுந்தது. வெள்ளீயமும் விழுந்தது. கிட்டங்கிகளில் பேல்கள் கூரைவரை ஏறி நின்றன, வாங்க ஆளில்லை. கப்பல் குறைந்தது. தோட்டங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு சனங்கள் எதிர்க்கரை பாகான் டாலாமில் வந்து குவிந்தார்கள், அங்கிருந்து பினாங்குக்கு வந்தார்கள். கோயில் வாசலில் கஞ்சி ஊற்றினார்கள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அப்போதுதான் ஊருக்குள் வந்தது. நீ எந்த ஊர்? இங்கே பிறந்தவனா, வந்தவனா? இருக்கிற கொஞ்ச வேலையை இங்கே பிறந்தவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. ஒரு பக்கம் சீனர்கள் கூட்டம் போட்டு சீனாவைப் பற்றிப் பேசினார்கள். இன்னொரு பக்கம் இந்தியாவிலிருந்து வந்த ஒருவர் தாய்நாட்டை மறவாதீர்கள் என்று தமிழில் பேசினார். அந்தக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். கைதட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கைதட்டுவதை நிறுத்திவிட்டு, தன் பிள்ளையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றி உட்காரவைத்தாள்.

வேலையற்ற தமிழ்க் கூலிகளுக்கு ஊருக்குத் திரும்ப இலவசக் கப்பல் என்று அறிவித்தார்கள். சூசை மூன்று மாதமாகச் சும்மா இருந்தார். இருமலும் வந்துவிட்டது.

"போயிடலாம் ரோசு. அங்க ஒரு துண்டு நிலமாச்சும் இருக்கு. அண்ணன் இருக்கார்" என்றார்.

"நீங்க எங்கேயோ நானும் அங்கே" என்றேன். இருந்த நாலு பாத்திரத்தையும் விற்றாயிற்று.

பெயர் எழுதும் ஆபீஸில் இருந்த குமாஸ்தா, கிராணி என்போம், ஒரு தமிழர். கெட்டவர் அல்ல, களைத்துப் போயிருந்தார். சூசையின் பெயரை எழுதிவிட்டு, "சம்சாரம் எங்க?" என்றார்.

"இதோ நிக்குறா ஐயா."

கிராணி என்னைப் பார்த்தார். சூராட்டைக் கேட்டார். படித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"இது சீனப் பொண்ணு லா."

"கோயில்ல வச்சுக் கட்டுன பொண்டாட்டி ஐயா. தமிழ்தான் பேசுவா. வேற பாஷையே தெரியாது."

"நீ சொல்றது சரி. சீனப் பொண்ணுங்களைக் கப்பல்ல கொண்டுபோய் வித்துடுறாங்கன்னு கெடுபிடி. இவளுக்குப் பதினெட்டுகூட ஆகலை. சீனங்களுக்கு ஒரு ஆபீஸ் இருக்கு, அவங்க சம்மதம் கொடுத்தா நான் ஏத்துறேன்."

அந்த ஆபீஸுக்கும் போனோம். பெற்றவளைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள். பிராங்கின் சந்தில் அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். பழைய குடும்பம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. கப்பலுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. திரும்பவும் கிராணியிடம் வந்து நான் அழுதேன். அவர் அறைக்கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பிரசவம் பார்த்தவ உயிரோட இருக்காளா? அவளைக் கூட்டிட்டு வா. சூராட்ல பேரு மாறிப் போச்சு, தமிழச்சி பெத்த பிள்ளைதான்னு என் முன்னால ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் எழுதிக்கிறேன். எனக்கு அது போதும்."

அங்கிருந்து ஓடித்தான் போனேன். பீடான் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"வந்து சொல்லுவீங்களா பெரியம்மா?"

துணியை முறுக்கிப் பிழிந்தார். பிறகு, "வந்து சொல்றேன்" என்றார்.

மறுநாள் குடையோடு வந்தார். கிராணி அவருக்கு நாற்காலி போடச் சொன்னார், உட்காரவில்லை. "இந்தப் பொண்ணு தெரேசம்மா வயித்துல பொறந்ததுதானேம்மா?" என்று, பதிலையும் சேர்த்தே கையில் கொடுப்பதுபோலக் கேட்டார் கிராணி.

பீடான் அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கடுமை இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரேசம்மா வளத்த பிள்ளை. பெத்தவ சீனத்தி. கொடியை அறுத்தது நான்தான்" என்றார்.

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். சூசை சூராட்டை எடுத்து மடித்துக்கொண்டார். வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நடுத்தெருவில் பீடான் அம்மாவின் குடையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒரு வார்த்தைதானே கேட்டேன்! ஒரே ஒரு வார்த்தை!"

அவர் சுவரோரமாக உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அதைச் சொன்னார். முன்பு ஒரு தடவை மட்டும் அவர் பெற்றவள் பெயரை மாற்றி எழுதவைத்திருக்கிறார். சுங்கை பாக்காப் பக்கம் புருஷன் செத்துப்போன ஒரு சின்னப் பெண், பெற்ற மகனை வசதியான வீட்டுக்குக் கொடுத்தாள். அந்த வீட்டார் கேட்டபடி அந்த வீட்டு அம்மா பெயரிலேயே பிறப்பு எழுதினார்கள். மூன்று வருஷம் கழித்து அந்தப் பெண் பிள்ளையைத் தூர நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வந்தாள். நீ யார், இந்தா சூராட், இதில் உன் பெயர் எங்கே என்று விரட்டினார்கள். நாலு நாள் அந்த வாசலிலேயே நின்றாளாம். ஐந்தாம் நாள் ஆளைக் காணவில்லை. அதற்குப் பிறகு யாருமே அவளைப் பார்க்கவில்லை.

"அவளை இல்லேன்னு ஆக்குனது நான்" என்றார்.

"அதுக்குப் பலி கொடுக்க நான்தான் கெடைச்சேனா?" என்று கத்தினேன். அவர் குடையை ஊன்றி எழுந்து நடந்தார்.

சனிக்கிழமை சூசை கப்பல் ஏறினார். ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்றார். இரண்டு பேருக்குமே தெரியும், ஊரிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று. மூன்று கடிதம் வந்தது. நாலாவதாக வந்த கார்டை அவருடைய அண்ணன் எழுதியிருந்தார். உறவிலேயே ஒரு பெண்ணைப் பார்த்துத் தம்பிக்கு முடித்துவிட்டோம். நடந்ததை மறந்துவிட்டு நீ உன் சனத்தோடு இருந்துகொள்.

அந்தக் கார்டை வைத்துக்கொண்டு நான் யோசித்ததெல்லாம், என் சனம் யார் என்பதுதான். ஒரு சீனரின் ரப்பர்க் கிட்டங்கியில் ரப்பர்த் தாள்களைத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனேன். முகத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். வாயைத் திறந்ததும் கூட வேலை செய்த பெண்கள் விலகி உட்கார்ந்தார்கள். வாடகை குறைவு என்று பீடான் அம்மா இருந்த அதே சந்தில் ஓர் அறை பிடித்தேன். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சில நாள் என் கதவோரம் மூடிவைத்த கிண்ணத்தில் கஞ்சி இருக்கும். எடுத்துக் கால்வாயில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை அவர் படியில் கவிழ்த்து வைப்பேன்.

இரண்டு வருஷத்தில் அவருக்கும் காலம் மாறியது. பிரசவம் என்றால் இனி ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் படித்த தாதி என்று ஆயிற்று. அவர் கையும் நடுங்கத் தொடங்கியது. யாராவது ஏழைப்பட்டவள் கூப்பிட்டால் போவார். வாடகை கொடுக்க முடியாமல் போயிற்று. ஒருநாள் மாலை, நான் வேலை முடிந்து வந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, அதே கிராணி ஒரு நோட்டோடு சந்துக்குள் வந்தார். ஆதரவில்லாத தமிழ்க் கிழவர்களையும் நோயாளிகளையும் ஊருக்கு அனுப்பக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா பொறந்தீங்க?" என்று பீடான் அம்மாவிடம் கேட்டார்.

"தெரியாதுப்பா. சின்னதுல கப்பல்ல தூக்கிட்டு வந்ததாச் சொல்லுவாங்க. எந்த ஊருன்னு சொல்றதுக்குள்ள சொன்னவங்க செத்துட்டாங்க."

"பினாங்குன்னு சொல்லுங்களேன்" என்றார் கிராணி மெதுவாக. "இங்க பொறந்தவங்களை அனுப்பமாட்டாங்க. யாரு பாக்கப் போறா?"

அவர் தலையை ஆட்டினார். மாட்டேன் என்று.

கிராணி பெருமூச்சு விட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அம்மா, உனக்கு இவங்க உறவா? யாராச்சும் என் சொந்தம், நான் பாத்துக்கிறேன்னு சொன்னா நான் பேரை எழுத வேண்டியதில்லை."

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"இல்லை" என்றேன். "உறவு இல்லை."

அது உண்மை. அதில் பொய் ஒன்றுமில்லை. பீடான் அம்மா என்னைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் மெல்லத் தலையை அசைத்தார், ஒரு பிள்ளை கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டால் அசைப்பதுபோல. இவ்வளவு வயசாகியும் அந்தத் தலையசைப்பு என்னைத் தூங்கவிடுவதில்லை.

அந்த வாரமே லாரி வந்தது. ஊர் என்ற இடத்தில் ஏதாவது எழுத வேண்டுமே என்று நாகப்பட்டினம் என்று போட்டுக்கொண்டார்களாம். அங்கே இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். குடையால் கதவைத் தட்டினார். திறந்தேன்.

"கடைத் தெரு முக்குல மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால ஒரு பொண்ணு இருக்கா, செல்லம்னு பேரு. புருஷன் கப்பல்ல போயிட்டான். யாருமில்ல. குழந்தை குறுக்கே கெடக்கு, நான் தொட்டுப் பார்த்தேன். வீட்ல வச்சுப் பாக்கக் கூடாது. வலி வந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடு."

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. லாரியில் ஏறத் தெரியாமல் தடுமாறினார். யாரோ ஒரு மலாய்க்காரர் கை கொடுத்து ஏற்றிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்தாரா, எங்கே தங்கினார், எப்போது செத்தார், ஒன்றும் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருக்காக எழுதவும் யாரும் இல்லை.

நாலாம் நாள் செல்லத்துக்கு வலி கண்டது. ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவள் என் கையைக் கடித்துக்கொண்டே வந்தாள். வாசலில் ஒரு தமிழ் நர்ஸ் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, செல்லத்தின் பெயர், வயது, புருஷன் பெயர் எல்லாம் கேட்டு எழுதினாள்.

"கூட வந்திருக்கிறது யாரு? சொந்தக்காரங்க கைநாட்டு வச்சாத்தான் உள்ள விடுவோம்."

"நான் அவளுக்கு அக்கா" என்றேன்.

நர்ஸ் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு செல்லத்தின் முகத்தைப் பார்த்தாள். பேனா நின்றது.

"கூடப் பொறந்த அக்காவா?"

"கூடப் பொறந்த அக்காதான்."

அவள் எழுதிக்கொண்டாள். அவ்வளவு சுலபமாக இருந்தது.